மாப்பிள்ளைக் கரி

தானும் சேர்ந்து சிரித்துவிட்டோமே என்பதுதான், திருவான்மியூரில் பஸ் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்ததும் எழிலரசிக்கு முதலில் உறைத்தது. அவர்கள் மூன்று பேரும் சிரித்தார்கள், சரி, அவர்களுக்கு அது ஒரு வேடிக்கை, நேர்காணல் இழுத்துக்கொண்டே போகும்போது ஒருத்தர் எடுத்துவிட்ட கதை; அவள் எதற்குச் சிரித்தாள்? வேலை கேட்டு வந்தவள் சிரிக்கத்தானே வேண்டும் என்று சிரித்தாளா, இல்லை, காதில் விழுந்தது மண்டைக்குள் இறங்குவதற்குள் உதடு முந்திக்கொண்டதா? தரமணியில் அந்த ஆய்வு நிறுவனத்தின் இரண்டாவது மாடி, கை விறைத்துப்போகிற அளவுக்கு ஏசி, மேஜைக்கு அந்தப் பக்கம் நடுவில் பேராசிரியர் மார்கரெட் ஜெயசீலி, இடது பக்கம் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காத ஒரு இளைஞர், வலது பக்கம் சந்தானகிருஷ்ணன் சார், ஆலை ஆலையாகப் போய்ச் சோதனை போட்டே ஓய்வு பெற்ற பொறியாளர். பசுமை இல்ல வாயுக்களின் அரசியலை ஆராய மூன்று வருட வேலை. யார் எவ்வளவு புகை விடலாம் என்று யார் முடிவு செய்கிறார்கள், அந்த முடிவை யார் மாற்றுகிறார்கள், அதுதான் விஷயம். அதைத்தானே அவள் முனைவர் பட்டத்துக்கும் எழுதினாள். பதில்களெல்லாம் நன்றாகத்தான் வந்தன. பிறகு சந்தானகிருஷ்ணன் சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "கரியமில வாயுவை எவனும் புகைபோக்கி உச்சியில ஏறி நின்னு அளக்கறதில்லம்மா. நிலக்கரியை லேப்ல எரிச்சுப் பார்த்து, அதுலேருந்து கணக்குப் போடறதுதான். அப்ப லேபுக்கு எந்தக் கரி போகுதுங்கறதுதான் சங்கதி. யார்டுல மலையாட்டம் கிடக்கறது ஒரு கரி, லேபுக்குப் போறது வேற கரி. விலை பேசறதுக்கு ஒண்ணு, வாயுக் கணக்குக்கு ஒண்ணு. சாம்பல் ஜாஸ்தியான கரியைக் கொடுத்தா வாயுக் கணக்கு தானா இறங்கிடும். அந்தப் பசங்க அதுக்குப் பேரே வச்சிருக்கானுங்க. மாப்பிள்ளைக் கரின்னு." பெண் பார்க்க வரும்போது மாப்பிள்ளையை எண்ணெய் தேய்த்துச் சீவி உட்கார வைப்பார்கள் இல்லையா, அந்த மாதிரி. லேப்டாப் இளைஞர்கூடத் தலையைத் தூக்கிச் சிரித்தார். எழிலரசியும் சிரித்தாள். சிரித்த வாய் மூடவில்லை, அதற்குள் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, கையில் ஹெல்மெட்டோடு அவள் கணவன் புருஷோத்தமன் என்றைக்கோ சொன்னது கேட்டது. எழில், இன்னிக்கு மாப்பிள்ளை அழைப்பு, வர லேட்டாகும்.

பஸ் கிளம்பிவிட்டது. கண்டக்டர் வந்து நின்று, நோச்சிக்குழியா என்று அவரே கேட்டு, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். மாப்பிள்ளை அழைப்பு என்று புருஷோத்தமன் எத்தனை தடவை சொல்லியிருப்பான். குழம்பு கொதிக்கும்போது சொல்லியிருக்கிறான், அவள் தங்கை கல்யாணத்தன்று மண்டபத்திலிருந்து பாதியில் கிளம்பும்போது சொல்லியிருக்கிறான், அதைக் கேட்டு அவள் அம்மா, பொண்ணு வீட்ல நிக்கிறப்ப வேற எங்க மாப்பிள்ளை அழைப்பு என்று கேட்டு, எல்லோரும் சிரித்து, அன்றைக்கும் அவள் சிரித்திருக்கிறாள். அவள் புரிந்துகொண்டது வேறு. சோதனைக்கு வருகிற அதிகாரிகளைத்தான் மாப்பிள்ளை என்கிறான் என்று நினைத்தாள். கார் அனுப்பி, இளநீர் வெட்டி, சால்வை போர்த்தி, மத்தியானம் கொடுவா மீன் வறுத்துப் போட்டு அனுப்புகிறவர்களை மாப்பிள்ளை என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? அப்படி நினைப்பதில் என்ன தப்பு? அப்படியும் இருக்கலாம் அல்லவா, இப்போதும்கூட? ஒவ்வொரு ஆலையிலும் ஒவ்வொரு பேச்சு இருக்கும். சந்தானகிருஷ்ணன் சார் பார்த்த ஆலை வடக்கே எங்கேயோ இருக்கலாம், அங்கே மாப்பிள்ளை என்றால் கரி, இங்கே மாப்பிள்ளை என்றால் அதிகாரி. இதைப் பிடித்துக்கொண்டு அவள் நீலாங்கரை வரைக்கும் வந்தாள். அதற்குள் அவளுக்கே வெட்கமாகிவிட்டது. ஒருமுறை அவன் சொன்னது நினைவுக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை ரெண்டு நாளா மழையில நனைஞ்சுட்டான், காய வைக்கணும். அதிகாரியை யார் காய வைப்பார்கள்? அன்றைக்கு இந்த வாக்கியம் எங்கே போய் விழுந்தது? காதில் விழுந்தது, நிச்சயம். அவள் இட்லிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள், கைக்கு அந்தத் தண்ணீரின் சில்லிப்புகூட நினைவிருக்கிறது. வாக்கியமும் நினைவிருக்கிறது. நடுவில் இருந்திருக்க வேண்டிய ஒரு கேள்விதான் இல்லை.

எழிலரசி இறங்க வேண்டிய நோச்சிக்குழியில் ஒரு தனியார் அனல்மின் நிலையம் இருக்கிறது. அதன் கரி ஆய்வகத்தில் புருஷோத்தமன் கெமிஸ்ட். அந்த நிலையம் கொடுத்த குடியிருப்பில்தான் கல்யாணமானதிலிருந்து இருக்கிறார்கள். அவள் ஆய்வும் அந்த நிலையத்தைப் பற்றித்தான், வேறெங்கும் போகவில்லை, போக வேண்டியிருக்கவில்லை, ஜன்னலைத் திறந்தால் புகைபோக்கி. மூன்றாவது அத்தியாயம்தான் அவளுடைய அத்தியாயம். மற்றவை எல்லோரும் எழுதுவது, மூன்றாவதை அவள் ஒருத்திதான் எழுத முடியும் என்று வழிகாட்டி சொன்னார். குப்பத்துப் பெண்கள் புகையை எதிர்த்து நிலையத்தின் வாசலில் உட்கார்ந்தார்கள், மழையிலும் எழுந்திருக்கவில்லை, செய்தி டெல்லி வரைக்கும் போயிற்று, விசாரணை வந்தது, அதற்குப் பிறகு வாயுக் கணக்கு வருடத்துக்கு வருடம் இறங்கியது. இறங்கிய கோட்டை அவள் நீல நிறத்தில் போட்டிருந்தாள். சாதாரண ஜனங்கள் அழுத்தினால் புகை குறையும் என்பதற்கு இந்தக் கடற்கரையில் இருக்கிற ஒரே சாட்சி அது. ஆமாம், விசாரணைக்குப் பிறகுதான் இறங்கியது. விசாரணைக்குப் பிறகுதான் மாப்பிள்ளை அழைப்பும் அடிக்கடி வந்தது. இரண்டும் ஒரே மழைக்காலத்தில் தொடங்கின. கோட்டை வரைந்தவளுக்கு அது தெரியாது. கோட்டை இறக்கியவனோ அவளுக்குப் பக்கத்தில் பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். ஜன்னலுக்கு வெளியே முட்டுக்காட்டுக் கழிமுகம் வெயிலில் தகடு மாதிரி கிடந்தது, ஒரு படகும் இல்லை. காசியம்மாள். அந்தப் பெயரைத்தான் இவ்வளவு நேரமும் நினைக்காமல் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், நாலு பக்கமும் சுற்றிவிட்டு இந்தப் பெயர் வரும் இடத்தில் மட்டும் வேறு பக்கம் திரும்பியிருக்கிறாள். பட்டம் வாங்கியதும் மூன்றாவது அத்தியாயத்தைக் குப்பத்துக்கு எடுத்துப்போய், வலை பின்னும் கொட்டகையில் உட்கார்ந்து எளிய தமிழில் வாசித்துக் காட்டினாள். வாசலில் உட்கார்ந்தவர்களில் முதல் ஆள் காசியம்மாள், போலீஸ் இழுத்ததில் தோள்பட்டை இறங்கி இன்றுவரை இடது கையைத் தூக்க முடியாதவள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நாங்க உக்காந்ததுக்குப் பலன் இருக்குதுன்ற" என்றாள். எழிலரசி, "இருக்கும்மா, கணக்கே சொல்லுது" என்றாள். காசியம்மாள் வலது கையால் அவள் முகத்தைத் தடவிவிட்டு, உள்ளே போய் ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு கொண்டுவந்து கொடுத்தாள். அதை அன்றைக்கு ராத்திரியே வறுத்தார்கள். புருஷோத்தமன் ருசித்துச் சாப்பிட்டான்.

"என்னம்மா, ஒடம்பு சரியில்லையா, மூஞ்சி வெளுத்துப் போயிருக்கே" என்றாள் பக்கத்து சீட்டில் கூடையை மடியில் வைத்துக்கொண்டிருந்த அம்மாள். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள். அந்த அம்மாள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தாள். தண்ணீர் சுட்டது. குடித்தாள். மூன்றாவது அத்தியாயத்தை முதன்முதலில் கேட்டது காசியம்மாளும் இல்லை, வழிகாட்டியும் இல்லை. புருஷோத்தமன்தான். எழுதி முடித்த சந்தோஷத்தில், அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எதிரில் உட்கார்ந்து வாசித்தாள். அவன் என்ன சொன்னான்? நல்லா இருக்கு என்றானா? மோர் கேட்டானா? எவ்வளவு துழாவியும் அந்த இடத்தில் ஒன்றும் அகப்படவில்லை. தட்டு நினைவிருக்கிறது, தட்டில் பீர்க்கங்காய்க் கூட்டு இருந்தது, அவன் விரல் நகங்களில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறுப்பு இருந்தது. முகம் இல்லை. அவன் முகம் அந்த ராத்திரியில் எங்கே போயிற்று? நல்லவன்தான். கெட்டவன் என்று சொல்ல அவளிடம் ஒன்றுமே இல்லை. அவள் நூலகத்துக்குப் போகிற நாளெல்லாம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில் கொண்டுவந்து விட்டவன், ஆய்வேட்டின் எழுத்துப் பிழைகளை ராவோடு ராவாகத் திருத்திக் கொடுத்தவன், பொண்டாட்டி கம்பெனியைப் பத்தி என்னவோ எழுதறாளாமே என்று மேலாளர் கேட்டபோது, படிப்புக்கு எழுதறா சார் என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டு வந்தவன். மேலாளர் அதற்குமேல் கேட்கவில்லை என்றும் சொன்னான். ஏன் கேட்கவில்லை? கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு எங்கே இருந்தது? கோடு இறங்குகிறது என்று எழுதுகிறவளை யாராவது தடுப்பார்களா? அச்சுப் போட்டுக் கொடுத்தாலும் கொடுப்பார்கள். பஸ் மாமல்லபுரம் தாண்டியது. நேர்காணல் முடிந்து எழுந்திருக்கும்போது மார்கரெட் மேடம், "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று கேட்டார். "பிரைவேட்ல கெமிஸ்ட் மேடம்" என்றாள். எந்தக் கம்பெனி என்று அவர் கேட்கவில்லை. அப்போது அது பெரிய உபகாரமாகப் பட்டது. இந்த வேலை கிடைக்காமலே போய்விட்டால் நல்லது. வேறு யாரையாவது எடுத்துவிட்டோம் என்று ஒரு மெயில் வந்துவிட்டால் போதும், கல்லூரியில் பழையபடி இரண்டாம் ஆண்டுக்கு அரசியலமைப்பு நடத்திக்கொண்டு, குப்பத்துப் பக்கமே போகாமல், அவன் எதைச் சொன்னாலும் காதில் மட்டும் வாங்கிக்கொண்டு இருந்துவிடலாம். இருந்துவிடலாமா? இத்தனை நாள் இருந்தது என்னவாம்?

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் புகைபோக்கி தெரிந்தது. எப்போதும்போல வெள்ளைப் பட்டை, சிவப்புப் பட்டை, உச்சியில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மாதிரி மெல்லிய புகை. கரியமில வாயுவுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, கணக்கில்தான் அது கண்ணுக்குத் தெரியும் என்று அவளே மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறாள். குடியிருப்புக் கதவு திறந்தே கிடந்தது. புருஷோத்தமன் லுங்கியும் பனியனுமாகத் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான், கண் கலங்கி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"எப்படிப் போச்சு?" என்றான்.

"நல்லாத்தான் போச்சு."

"அப்புறம் ஏன் இப்படி நிக்கற? உக்காரு. டீ போடறேன்."

அவள் உட்காரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது, எதைச் சுற்றி எதற்கு வருவது என்று ஒத்திகை பார்த்ததெல்லாம் போய், நேராகவே வந்துவிட்டது. "மாப்பிள்ளைக் கரின்னா என்னங்க?"

அவன் வெங்காயத் தோலைக் கையில் வைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தான். பயம் இல்லை அந்த முகத்தில். அவள் பயத்தைத்தான் எதிர்பார்த்து வந்தாள். அவனுக்கு வந்தது ஒரு குழப்பம், தெரிந்த பாதையில் இருட்டில் நடக்கிறவன் இல்லாத படிக்குக் காலை வைத்துவிட்ட மாதிரி. "என்ன, தெரியாத மாதிரி கேக்கற?" என்றான்.

"தெரியாதுங்க."

"விளையாடாத எழில்."

"தெரியாது."

அவன் கத்தியைக் கீழே வைத்தான். "நான் எப்பவாச்சும் உன்கிட்ட ஒளிச்சேனா? வீட்ல வச்சுத்தானே அத்தனையும் பேசினேன். நனைஞ்சுதுன்னு சொன்னேன், காய வச்சேன்னு சொன்னேன், எந்தக் குவியல்லேருந்து எடுத்தோம்னுகூடச் சொல்லியிருக்கேன். மூணாவது அத்தியாயத்தை நீ படிச்சுக் காட்டினியே, அன்னிக்கு இதோ இங்கதான் சாப்பிட்டுட்டிருந்தேன். கோடு இறங்குச்சுன்னு படிச்சிட்டு நீ என்னைப் பார்த்த. நான் தலையைக் குனிஞ்சுகிட்டேன். நீ ஒரு நிமிஷம் நிறுத்தின. அப்புறம் அடுத்த பக்கத்துக்குப் போயிட்ட." அவன் குரல் இறங்கியது. "சரி, இவளுக்கு எல்லாம் தெரியும், நமக்காக, இந்த வீட்டுக்காக விட்டுட்டான்னு நினைச்சேன். அன்னிக்கு உன் மேல எனக்கு எவ்வளவு மரியாதை வந்துச்சு தெரியுமா? அப்பாடா, நாம தனியா இல்லைன்னு அன்னிக்குத்தான் தூங்கினேன்."

எழிலரசி சுவரைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் வரும்போது கிடைக்காத அந்த முகம் இப்போது கிடைத்துவிட்டது, குனிந்த தலை, வகிட்டில் நரை, கூட்டைப் பிசைந்துகொண்டே இருக்கிற விரல்கள், பிசைகிறான், வாயில் வைக்கவில்லை. பார்த்திருக்கிறாள். நிறுத்தியிருக்கிறாள். எதற்காக நிறுத்தினாள்? தொண்டை வறண்டதா? பக்கம் ஒட்டிக்கொண்டதா? அவன் நினைத்த மாதிரி ஒரு எழிலரசி உள்ளே எங்கேயாவது இருந்து, அவளுக்கும் சொல்லாமல் முடிவெடுத்து, பக்கத்தைப் புரட்டிவிட்டாளா? இல்லை என்று சொல்ல வேண்டும், சத்தியமாக இல்லை என்று. ஆனால் யாரைப் பார்த்து, எதை வைத்து? ஒரு மனுஷன் இத்தனை வருஷம் ராத்திரி ராத்திரி நிம்மதியாகத் தூங்கியது அவள் செய்யாத ஒரு காரியத்தை நம்பி. அல்லது செய்த காரியத்தை. இந்த இரண்டில் எது பரவாயில்லை என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கைப்பையில் போன் அடித்தது.

"எழிலரசி, மார்கரெட் பேசறேன். மெயில் நாளைக்கு வரும், அதுக்கு முன்னாடி நானே சொல்லிடலாம்னுதான். உங்களைத்தான் எடுத்திருக்கோம்."

"மேடம்." குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. "என்னோட மூணாவது அத்தியாயம் தப்பு மேடம். அந்தக் கணக்கு நிஜமில்லை. அதை வச்சு நீங்க என்னை எடுக்கக் கூடாது."

"தெரியும்மா" என்றார் மார்கரெட் ஜெயசீலி, பரிவோடுதான் சொன்னார். "அது தப்புன்னு சந்தானம் சாருக்கு ரொம்ப நாளாத் தெரியும். நிரூபிக்கத்தான் வழியில்லை. அந்த லேபுக்குள்ள யாருக்கும் கதவு திறக்க மாட்டேங்குது. உங்க வீட்டுக்காரர் பேரு, அவர் எங்க வேலை செய்யறார்னு எங்களுக்கு முன்னாடியே தெரியும். சார் இன்னிக்கு அந்தக் கதையைச் சொன்னதே உங்க முகத்தைப் பார்க்கத்தான். நீங்க சிரிச்சீங்க. சரி, இவங்க எல்லாம் தெரிஞ்சுதான், ஒரு முடிவோடதான் வந்திருக்காங்கன்னு மூணு பேருக்கும் தோணுச்சு. பெரிய தைரியம்மா உங்களுக்கு." ஏதேதோ சொன்னார், வீட்டுக்காரர் பேசினால் போதும் என்றார், அவர் பெயர் வெளியே வராது என்றார், ஆய்வு நெறிமுறைக் குழு என்றார், இந்தக் கடற்கரைக்கு இது எவ்வளவு முக்கியம் என்றார். எழிலரசிக்கு வார்த்தைகள் தனித்தனியாகக் கேட்டன. அந்த மேஜைக்கு எதிரில் அவள் உட்கார்ந்திருந்தபோது அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது அவளை இல்லை, அவளுக்குப் பின்னால் இந்த வீட்டை, இந்தப் பாயை, வெங்காயம் உரிக்கிற இந்த விரல்களை. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அவளுக்குத் தெரியும் என்பதுகூட எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, அவள் ஒருத்தியைத் தவிர. "நாளைக்குச் சொல்றேன் மேடம்" என்று போனை வைத்தாள்.

"என்னவாம்?" என்றான் புருஷோத்தமன். "கெடச்சிருச்சா?"

"உங்களைத்தான் கேக்கறாங்க."

அவனுக்குப் புரிய நேரம் ஆகவில்லை. வெங்காயத் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தான். லுங்கியில் கையைத் துடைத்தான், துடைத்ததையே திரும்பத் துடைத்தான். கோபப்படுவான் என்று நினைத்தாள், இந்த வீடு, வேலை என்று ஆரம்பிப்பான் என்று நினைத்தாள். வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவன் சுவரில் சாய்ந்துகொண்டு, அவளைப் பார்க்காமல், எதிரில் இருந்த காலி இடத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தான்.

"ஞாயித்துக்கிழமைதான் குவியலைப் பிரிப்போம். கப்பல்ல வந்தது ஒரு பக்கம், ரயில்ல வந்தது ஒரு பக்கம்."

"வேணாங்க." அவள் கையை நீட்டித் தடுத்தாள். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேரைப் பேசச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாள், யாரையும் நிறுத்தச் சொன்னதில்லை. "இப்ப எதுவும் சொல்லாதீங்க. சொன்னா நான் எழுதிடுவேன்."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். தனியாக விடப்பட்டவன் பார்க்கிற பார்வை.

"ரயில் கரியில சாம்பல் ஜாஸ்தி" என்றான். "அதைத்தான் லேபுக்கு முதல்ல எடுப்போம். உக்காரு, சொல்றேன்."